மலையும் கடலும் பாடசாலையான வரலாறு

பாடசாலை என்றவுடன் எமது மனக்கண்முன் தோன்றுவன நான்கு சுவர்களும் ஒரு கரும்பலகையும் சில வாங்குகளுமேயாம். மணி அடித்தாற் புத்தகம், மறுபடி மணி அடித்தால் வீடு, வீட்டிலிருந்து ரியூசன். இந்த வட்டத்துக்கு வெளியே ஒரு மாணவன் செய்வதெல்லாம் பொழுதுபோக்கு என்றே எம்மவரிற் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். மலையேறுதல், கூடாரமடித்துத் தங்குதல், பாய்ப்படகு செலுத்துதல் ஆகியவற்றுக்கு இணைப்பாடவிதானம் என்று பெயரிட்டு, பரீட்சை நெருங்கியதும் முதலில் வெட்டி விடப்படும் கிளையாக அவற்றை வைத்திருக்கிறோம். ஆனால் இவை பாடசாலைக்குள் வந்த வரலாற்றை ஆராய்வோமாயின், ஒரு மகாயுத்தத்தின் தோல்வியோடும், ஒரு கொடுங்கோலனின் எழுச்சியோடும், அத்திலாந்திக் சமுத்திரத்தில் மூழ்கிய கப்பல்களோடும் அவ்வரலாறு பின்னிக் கிடப்பதைக் காண்போம். அதனை இங்கு சிறிது விரித்துக் கூற முயல்கின்றோம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பெரும் விடுதிப் பாடசாலைகளிலே விளையாட்டு ஏறக்குறைய ஒரு வழிபாடாகவே போற்றப்பட்டது. 1828இல் ரக்பி கல்லூரியின் தலைமையாசிரியராகப் பதவியேற்ற தோமஸ் ஆர்னல்ட் ஒழுக்கத்தைப் பெரிதாக மதித்தவர். அவருக்குப் பின்வந்தோர் அந்த ஒழுக்கத்தைக் கிரிக்கெற் மைதானத்திலும் உதைபந்தாட்ட மைதானத்திலும் தேடலாயினர். இக்கொள்கை கப்பலேறி எமது நாட்டு மிஷன் கல்லூரிகளுக்கும் வந்து சேர்ந்தது. நாமும் அத்தகைய கல்லூரியொன்றிற் பயின்றவர்களாதலின் அதன் நன்மையையும் குறையையும் ஓரளவு அறிவோம். பதினொருவர் ஆடுவர், ஏனையோரெல்லாம் வேலியோரம் நின்று ஆரவாரிப்பர். ஆடத் தெரிந்தவனுக்குப் புகழ். தெரியாதவனுக்குத் தொண்டை வலி. ஆட்டம் தந்த மகிழ்ச்சியை மறந்து இதனைச் சொல்லவில்லை. எனினும் ஒரு பாடசாலையின் மாணவர் அனைவரையும் தொடக்கூடிய பயிற்சி இதுவன்று என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மாற்று வழியொன்றை ஆரம்பத்திற் காட்டியவருள் செசில் ரெடி என்பவர் ஒருவர். 1889இல் அவர் அபொட்ஸ்ஹோம் என்னுமிடத்தில் ஒரு பாடசாலையை நிறுவினார். அங்கே மாணவர் பாடம் படித்ததோடு வயலிற் புல்லறுத்தனர், தச்சுவேலை செய்தனர். ஹெர்மன் லீட்ஸ் என்ற ஜேர்மானியர் அங்கு சிலகாலம் ஆசிரியராக இருந்து, தாயகம் திரும்பி, அப்பாடசாலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பாடசாலையின் பெயரைப் பின்னிருந்து முன்னாக எழுதினால் வரும் சொல்லே அந்நூலின் பெயர். 1898இல் அவரும் தம் நாட்டில் ஒரு பாடசாலையைத் தொடக்கினார். அந்த நூல் பேர்லின் நகரத்து யூத இளைஞர் ஒருவரின் கைக்குக் கிடைத்தது. அவர் பெயர் குர்ட் ஹான். எமது வரலாற்றின் நடுநாயகமாக விளங்குபவர் அவரே.

அதே காலத்தில் இளைஞர் தாமாகவும் வெளிக்கிளம்பினர். பேர்லினுக்கு அயலிலுள்ள ஸ்டெக்லிட்ஸ் என்ற ஊரில் 1901இல் மாணவர் சங்கமொன்று முறையாக அமைந்தது. தோளிற் பையும் கையிற் கித்தாருமாகக் காடு மலை எங்கும் நடந்து திரிவதே அவர்களுடைய நோக்கம். ‘வாண்டர்போகல்’, அதாவது திரிகின்ற பறவை, என்று அவர்கள் தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டனர். இங்கிலாந்திலோ 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிறவுண்சீ தீவிற் கூடாரமடித்துத் தம் பரீட்சார்த்த முகாமை நடத்தினார். தனவந்தரின் பிள்ளைகளையும் சாதாரணக் குடும்பத்துப் பையன்களையும் அவர் ஒரே அணிகளிற் கலந்துவிட்டமை கவனிக்கத்தக்கது. அந்த வர்க்க பேதம் நிறைந்த நாட்டில் அது சிறிய காரியமன்று. சாரணர் இயக்கம் வெகுவேகமாகப் பரவி 1912இல் இலங்கைக்கும் வந்து மாத்தளையில் வேரூன்றியது. அதன் வரலாற்றை எமது அங்கத்தவர் நன்கறிவராதலால், இங்கே விரிக்காது ஹானிடம் செல்வோம்.

1886இற் பிறந்த ஹான், பதினெட்டாவது வயதில் வெயிலின் தாக்கத்தால் கடுமையாக நோயுற்றார். நெடுங்காலம் இருண்ட அறையிலே கிடக்க நேர்ந்தது. தாம் ஒருநாள் நிறுவப்போகும் பாடசாலையைப் பற்றிய எண்ணம் அந்த இருட்டறையிலேதான் உருப்பெற்றதாகச் சொல்வர். பின்னர் ஒக்ஸ்போட்டிலும் ஜேர்மன் சர்வகலாசாலைகளிலும் படித்தார். முதலாம் மகாயுத்தத்தின் இறுதியில், 1918 ஒக்டோபரில், பாடன் இளவரசர் மக்ஸ் ஜேர்மன் பேரரசின் கடைசிப் பிரதம மந்திரியானபோது ஹான் அவருக்கு அந்தரங்கச் செயலாளராக உதவினார். பேரரசு வீழ்ந்தது. இளவரசரும் செயலாளரும் அரசியலை விட்டுப் போடன் ஏரிக்கு அருகிலிருந்த சாலெம் மாளிகைக்கு வந்தனர். முன்னொரு காலத்தில் துறவிகளின் மடமாக இருந்த அம்மாளிகையிலே, 1920இல், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் ஒரு பாடசாலை ஆரம்பமாயிற்று. தோற்றுப்போன நாட்டிற் கல்வி நிரம்பியவர் அநேகர் இருந்தும், தாம் சரியென்று கண்டதைத் துணிந்து செய்பவர் சிலரே இருந்தனர் என்பது அவர்களுடைய துயரம். அந்தத் துயரமே சாலெமின் அத்திவாரம்.

சாலெமில் நடந்தது என்ன? முற்பகலிற் பாடங்களுக்கிடையே ஓடுதல், பாய்தல், எறிதல் ஆகிய பயிற்சிகள் எல்லா மாணவருக்கும் உண்டு. பரிசு பெறுவதற்காக அன்று. தன் நேற்றைய அளவைத் தானே மிஞ்சுவதற்காக. ஒவ்வொருவரும் தம் அன்றாடக் கடமைகளை ஒரு தாளிற் குறித்துக்கொள்வர். செய்தேன், செய்யவில்லை என்று இரவில் தாமே அடையாளமிடுவர். ஆசிரியர் அந்தத் தாளைச் சோதிப்பதில்லை. பிள்ளையை நம்புதலே அங்கே முறை. 1930இல் ஹான் தம் கல்விக் கொள்கைகளை ஏழு விதிகளாக வகுத்தார். விளையாட்டுக்கு முக்கிய இடம் உண்டு, ஆனால் அது தலைமைப்பீடத்தில் ஏறிவிடக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. செல்வர் பிள்ளைகளைச் செல்வர் என்ற உணர்விலிருந்து விடுவிக்கவேண்டும் என்பது மற்றொன்று. மௌனமாக இருந்து சிந்திப்பதற்கும் நேரம் ஒதுக்கப்பட்டது. இவற்றில் எதுவும் தமது சொந்தக் கண்டுபிடிப்பு அன்று, பிளேட்டோவிடமிருந்தும் ஆங்கிலப் பாடசாலைகளிடமிருந்தும் பிறரிடமிருந்தும் எடுத்துக்கொண்டவையே என்று சாலெமின் தாபகர்கள் ஒளிக்காமற் சொன்னார்கள். கடன் வாங்கியதை ஒப்புக்கொள்ளும் கல்வியாளர் அரியர் ஆதலின் இதனைக் குறிப்பிட்டோம்.

1932 ஆகஸ்டில் மேற்சிலேசியாவிலுள்ள பொட்டெம்பா என்னும் கிராமத்தில், தொழிலாளி ஒருவரை ஹிட்லரின் கட்சிப் படையினர் அவருடைய வீட்டினுட் புகுந்து, தாயின் கண்முன்னே மிதித்துக் கொன்றனர். ஐவருக்கு நீதிமன்றம் மரணதண்டனை விதித்தது. ஹிட்லரோ அக்கொலைஞர்களுக்கு ஆதரவு தெரிவித்துத் தந்தி அனுப்பினான். ஹான் சும்மா இருக்கவில்லை. சாலெமின் பழைய மாணவர் அனைவருக்கும் கடிதம் எழுதினார். ஹிட்லரின் படையில் உள்ளவர்கள் ஒன்றில் அவனோடு உறவை முறிக்கவேண்டும், அல்லது சாலெமோடு முறிக்கவேண்டும் என்பதே அதன் சாரம். மறுவருடம் ஹிட்லர் பதவிக்கு வந்ததும், மார்ச் மாதத்தில், ஹான் சிறைப்படுத்தப்பட்டார். பிரித்தானியப் பிரதமர் ராம்சே மக்டொனால்ட் தலையிட்டமையால் விடுதலை பெற்று, 1933 ஜூலையிற் பிரித்தானியா வந்துசேர்ந்தார்.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று யோசிப்பது நன்று. முகாம், கூடாரம், கொடி, நெடுநடை, தேகப்பயிற்சி ஆகிய அனைத்தும் ஹிட்லரின் இளைஞர் படையிலும் இருந்தன. வாண்டர்போகல் மரபில் வந்த சங்கங்களையும் ஏனைய இளைஞர் கழகங்களையும் கலைத்து, அவற்றின் பாட்டையும் கூடாரத்தையும் தன்னகப்படுத்தியது அந்தப் படை. 1936இற் சட்டத்தினால் அதுவே அரசின் ஒரே இளைஞர் அமைப்பாயிற்று. ஆகவே மலையேறுவதாலும் குளிரைத் தாங்குவதாலும் மாத்திரம் ஒருவன் நல்லவனாகிவிடுவான் என்று கூறுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. உறுதிபெற்ற உடம்பையும் அஞ்சாத உள்ளத்தையும் எந்தத் தலைவனும் வாடகைக்கு எடுக்கலாம். இளைஞர் முகாம்களைப் புகழும் பெரியோர்கள் இந்த உண்மையைப் பெரும்பாலும் தாண்டிச் செல்கின்றனர். ஹானால் அதைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. அவர் அதனைக் கண்ணாரக் கண்டவர். அஞ்சாமையைப் பயிற்றுவது எளிது, அதனை எதன் பொருட்டுப் பயிற்றுவது என்பதே கேள்வி என அவர் உணர்ந்தார்.

அதற்கு அவர் கண்ட விடை ஸ்கொட்லாந்தில் உருவானது. 1934இல் மோறே கடற்கரைக்கு அண்மையிலுள்ள கோர்டன்ஸ்டன் என்னும் பழைய மாளிகையில், ஒரு சில மாணவரோடு புதிய பாடசாலையை ஆரம்பித்தார். பின்னாளில் எடின்பரோ கோமகனான இளவரசர் பிலிப் முதல் ஆண்டு மாணவருள் ஒருவர். அருகிலிருந்த ஹோப்மன் துறைமுகத்தில் மாணவர் படகு செலுத்தக் கற்றனர். ஆனால் படகோட்டத்தைவிடவும் முக்கியமானது வேறொன்று. கரையோரக் காவற் பணி மாணவரிடம் ஒப்படைக்கப்பட்டது. புயல் இரவுகளிற் சிறு குடிசையொன்றில் முறைவைத்து விழித்திருந்து, கடலில் ஆபத்துக் குறி தோன்றுகிறதா என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தனர். உறங்கினால் தண்டனை என்பதற்காக விழித்தவர்கள் அல்லர். தாம் உறங்கினால் யாரோ ஒரு மீனவன் இறக்கக்கூடும் என்பதற்காக விழித்தவர்கள். அமெரிக்கத் தத்துவஞானி வில்லியம் ஜேம்ஸ், யுத்தம் மனிதனிடத்தே எழுப்பும் வீரத்தை யுத்தமின்றி எழுப்ப ஒரு வழி வேண்டும் என்று 1910இல் வெளியான கட்டுரையொன்றில் எழுதியிருந்தார். பிறர் உயிரைக் காத்தலே அந்த வழி என்பது ஹானின் முடிபு.

இரண்டாவது கேள்வி, இப்பயிற்சி யாருக்கு என்பது. கோர்டன்ஸ்டன் கட்டணம் வாங்கும் பாடசாலை. அதன் வாயிலுக்குள் வரமுடியாத பையன்கள் அயலிலே ஏராளம். 1936இல் ஹான் ‘மோறே சின்னம்’ என்ற ஒன்றை ஏற்படுத்தினார். மெய்வல்லுநர் பயிற்சியிற் குறித்த தராதரத்தை அடைதல், தரையிலோ கடலிலோ ஒரு நெடும்பயணத்தை நிறைவேற்றல் முதலிய நிபந்தனைகளைப் பூர்த்திசெய்தால், பாடசாலைக்கு வெளியேயுள்ள பிள்ளையும் அச்சின்னத்தைப் பெறலாம். சிறியதோர் உலோகத் துண்டுதான். ஆயினும் இந்த வரலாற்றில் உண்மையான திருப்பம் அதுவே என்பது எமது அபிப்பிராயம். அதுவரை செல்வர் வீட்டுக் கல்விமுறையாக இருந்தது, அன்றுதான் ஊர்க்காரரின் உரிமையாக மாறத் தொடங்கிற்று.

பின்னர் யுத்தம் வந்தது. அத்திலாந்திக் சமுத்திரத்தில் ஜேர்மன் நீர்மூழ்கிகள் வர்த்தகக் கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தன. உயிர்காப்புப் படகுகளிற் தப்பியவர்களுள், திடகாத்திரமான இளம் மாலுமிகள் முதலில் நம்பிக்கையிழந்து மடிய, பாய்க்கப்பற் காலத்தில் அடிபட்டுத் தேறிய முதியவர்கள் பிழைத்து வந்தனர் என்று கப்பற்றுறையினர் கூறினர். எண்ணிக் கணக்கெடுத்த ஆராய்ச்சி என்று இதனைக் கொள்ளுதல் தகாது, அனுபவஸ்தரின் பேச்சு. ஆனால் புளூ பனல் கப்பற் கம்பனியின் லோறன்ஸ் ஹோல்ட் அதனை முற்றாக நம்பினார். உப்புநீர் மேலே தெறித்தறியாத இளம் மாலுமியைவிட எண்பது வயதுப் பாய்க்கப்பற்காரனிடம் உயிர்ப்படகை ஒப்படைக்கலாம் என்பது அவர் எண்ணம். அவருடைய பொருளுதவியோடு 1941இல் வேல்ஸ் நாட்டின் கரையோரத்தில், அபர்டோவி என்னும் சிற்றூரில், ஒரு கடற்பாடசாலை திறக்கப்பட்டது. அதற்கு ‘அவுட்வேட் பவுண்ட்’ என்று பெயரிட்டவரும் ஹோல்ட்டே. துறைமுகத்தை விட்டு வெளிக்கடல் நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் குறிக்கும் மாலுமிகளின் சொல் அது.

பயிற்சி ஏறத்தாழ ஒரு மாதம். அதிகாலையில் ஓட்டமும் குளிர்நீர்க் குளிப்பும்; பகலிற் படகும் கயிறும் முடிச்சும்; இடையே மெய்வல்லுநர் பயிற்சியும் மீட்புப் பயிற்சியும்; முடிவில் ஒரு கடற்பயணமும் நெடிய மலைநடையும். கப்பற் பயிலுநர், தொழிற்சாலைப் பயிலுநர், கல்லூரி மாணவர், தீயணைப்புப் படைக்கும் பொலிசுக்கும் சேரவிருந்த இளைஞர் ஆகியோர் ஒரே அணியில் இருந்தனர். கோமகன் வீட்டுப் பிள்ளைக்கும் கொல்லன் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே கயிறு. ஒருவன் கைவிட்டால் மற்றவன் நீரில் விழுவான். கடலுக்குப் போவதற்காகப் பயிற்றுவதன்று, கடலைக் கொண்டு பயிற்றுவதே நோக்கம் என்று ஹோல்ட் விளக்கினார்.

யுத்தம் முடிந்தபின் பணி வளர்ந்தது. 1946இல் அவுட்வேட் பவுண்ட் நம்பிக்கைநிதியம் அமைந்தது. 1950இல் ஏரி மாவட்டத்திலுள்ள எஸ்க்டேலில் மலைப் பாடசாலை திறக்கப்பட்டது. மலாயாவிலே லுமுட் என்னுமிடத்தில் 1954இல் ஒன்றும், அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் 1962இல் ஒன்றும் எழுந்தன. இன்று 30இற்கு மேற்பட்ட நாடுகளில் இவை உள்ளன. ஆனால் பொதுமக்களின் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இவற்றைவிடப் பெரிய காரியத்தைச் செய்தது ஓர் உள்ளூராட்சிச் சபை. டார்பிஷயர் சபையின் கல்விப் பணிப்பாளரான ஜாக் லோங்லண்ட், 1933ஆம் ஆண்டு எவறெஸ்ற் குழுவிற் சென்றவர். அவருடைய முயற்சியால் 1950இல் பக்ஸ்டன் நகருக்கு அருகே வைற்ஹோல் என்ற வெளிக்களப் பயிற்சி நிலையம், பொதுப் பணத்திலே, சாதாரண அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்காகத் திறக்கப்பட்டது. பிற சபைகளும் அதனைப் பின்பற்றின. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை பாடசாலை நாளிலேயே, தன் வகுப்பு ஆசிரியரோடு, பாறையில் ஏறியது அப்போதுதான்.

1956இல் எடின்பரோ கோமகன் விருதுத் திட்டம் ஆரம்பமாயிற்று. மோறே சின்னம் நாடளாவிய உருவம் எடுத்தமையே அது எனலாம். 1953இல் எவறெஸ்றை வென்ற குழுவின் தலைவர் ஜோன் ஹன்ட், இராணுவத்தை விட்டு விலகி அதன் முதற் பணிப்பாளரானார். முதலிலே 15 முதல் 18 வயதுவரையான ஆண்பிள்ளைகளுக்கு மாத்திரம் இருந்தது. 1958இற் பெண்பிள்ளைகளுக்கும் தனித் திட்டம் வந்தது. சாலெமில் 1920இலேயே இருபாலாரும் ஒன்றாகப் பயின்றதை நினைக்கும்போது, இந்தத் தாமதம் வியப்பைத் தருகின்றது.

இவ்வரலாற்றிற் கண்ணீர் விட்ட பக்கங்களும் உண்டு. 1971 நவம்பரில் எடின்பரோ நகரப் பாடசாலையொன்றின் பிள்ளைகள் ஸ்கொட்லாந்தின் கேர்ன்கோம் மேட்டுநிலத்திற் பனிப்புயலில் அகப்பட்டனர். ஒதுங்குவதற்கென எண்ணியிருந்த குடிசையை அடைய முடியாமல் வெட்டவெளியில் இரண்டு இரவுகள் கழிந்தன. ஐந்து மாணவரும் பயிலுநர் ஒருவரும் இறந்தனர். உயர்ந்த மேட்டில் அத்தகைய குடிசைகள் இருப்பதுதானே அனுபவமற்றவர்களை அங்கே இழுக்கிறது என்ற விவாதம் எழுந்து, ஈற்றில் அவற்றுட் சில அகற்றப்பட்டன. 1993 மார்ச் 22இல் லைம் குடாவில் வேறொரு துயரம் நிகழ்ந்தது. எட்டு மாணவரும் ஓர் ஆசிரியரும் இரண்டு பயிற்றுநரும் கயாக் தோணிகளிற் கடலிற் சென்றனர். இரண்டு மணித்தியாலப் பயணமாக எண்ணப்பட்டது. காற்று அவர்களை வெளிக்கடலுக்குத் தள்ளியது. உதவி கோரப்படுவதற்கு வெகுநேரமாயிற்று. நால்வர், எல்லோரும் மாணவர், உயிரிழந்தனர். அங்கு பாதுகாப்புப் போதாது என்று, முன்னர் அந்நிலையத்திற் பணிபுரிந்து விலகிய பயிற்றுநர் இருவர் முதலாண்டே எழுத்தில் எச்சரித்திருந்தமை பின்னர் வெளியாயிற்று. நடத்திய நிறுவனமும் அதன் பணிப்பாளரும் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். பணிப்பாளர் சிறை சென்றார். 1995இற் பாராளுமன்றம் சட்டமியற்றி, இளைஞருக்குச் சாகசப் பயிற்சி விற்கும் நிலையங்கள் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது.

இவ்விரு சம்பவங்களையும் காட்டி, பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருத்தல் நலம் என்று கூறுவோர் எங்கும் உளர். அவர்களுடைய அச்சத்தை இகழுதல் ஆகாது. இழந்தவை பிள்ளைகளின் உயிர்கள். ஆனால் அந்தச் சட்டம் சாகசத்தைத் தடைசெய்யவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். காற்றை அறியாதவன், கடலை அறியாதவன், பிள்ளைகளை அழைத்துச் செல்வதையே அது தடுத்தது. ஒரு மாதப் பயிற்சி ஒருவனுடைய குணத்தை நிலையாக மாற்றுமா என்ற வினாவும் ஆராய்ச்சியாளரிடையே இன்னும் ஓயவில்லை. குளிர்நீரிற் குளிப்பது எல்லார் மனத்தையும் ஒரேவிதமாக மலர்த்தாது. மென்மையான சுபாவமுடைய பிள்ளைகளுக்கு அத்தகைய பாடசாலைகள் துன்பமாக இருந்ததும் உண்டு. இதனை மறைத்து எழுதினால் வரலாறாகாது, விளம்பரமாகும்.

ஹானின் கடைசிப் பெருமுயற்சி, 1962இல் வேல்ஸின் தென்கரையிலுள்ள செயின்ட் டொனற்ஸ் கோட்டையில் திறக்கப்பட்ட அட்லாண்டிக் கல்லூரி. பல நாட்டு மாணவர் ஒன்றாகப் படிக்கும் அக்கல்லூரியின் முதல் தலைமையாசிரியர் டெஸ்மன்ட் ஹோர் என்னும் கடற்படை அதிகாரி. முன்னே விரியும் பிறிஸ்டல் கால்வாயில் வற்றுப்பெருக்கு மிகக் கடுமையானது. 1963இலே கல்லூரி ஓர் உயிர்காப்புப் படகு நிலையமாக அங்கீகரிக்கப்பட்டது. அக்காலக் காற்றடைத்த ரப்பர்ப் படகுகள் கல்லிலும் அலையிலும் அடிபட்டு அடிப்பாகம் கிழிந்தன. ஹோரும் மாணவரும் கல்லூரிப் பட்டறையிலே பலகையால் அடிப்பாகம் செய்து, அதனோடு காற்றுக் குழாய்களைப் பொருத்திப் பார்த்தனர். ஒன்று பழுதாக மற்றொன்று செய்தனர். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் முயன்று அவர்கள் கண்டதே உறுதியான அடிப்பாகம் கொண்ட காற்றுப்படகு. இன்று உலகின் கரையோரக் காவற்படைகள் பலவற்றிலும் காணப்படும் படகின் மூதாதை அதுவே. பிரித்தானிய உயிர்காப்புப் படகு நிறுவகம் 1972இற் சேவையில் இறக்கிய படகுவகைக்கு, கல்லூரியின் நினைவாக, அட்லாண்டிக் 21 என்று பெயர் வைத்தது. கண்டுபிடிப்பின் உரிமையை ஹோர் 1973இல் ஒரேயொரு பவுணுக்கு விட்டுக்கொடுத்தார்.

மறுவருடம் டிசம்பரில், 88ஆவது வயதில், ஹான் சாலெமிற் காலமானார். கல்லூரிக் கரையிலிருந்த அந்த உயிர்காப்பு நிலையம் 2013வரை, ஏறத்தாழ 50 ஆண்டுகள், இயங்கிவந்தது. அபாய அழைப்பு வந்த இரவுகளிற் படகை நீரில் இறக்கியவர்களுள், மறுநாட் காலையிற் பாடத்துக்குச் செல்லவேண்டிய மாணவரும் இருந்தனர்.